சனிக்கிழமைக் கூலியும் யுபிஐயும்: சேலத்துக் கொலுசுப் பட்டறையில் ஒன்பது ஆண்டு அனுபவம்

செவ்வாய்ப்பேட்டையில் சிறிய கொலுசுப் பட்டறை ஒன்றை நடத்துகிறேன். கம்பி இழுப்பவர், பற்றவைப்பவர், மெருகு போடுபவர் என்று பட்டறைக்குள் ஐந்து பேரும், வளையம் கோக்கும் வேலையை வீட்டிற்கே எடுத்துச் செல்லும் பெண்கள் ஆறு பேரும் என்னிடம் வேலை செய்கிறார்கள். வெள்ளியை வியாபாரி தருவார். எடை போட்டுக் கொலுசாகத் திருப்பிக் கொடுத்தால் எங்களுக்குக் கிடைப்பது கூலி மட்டுமே. அந்தக் கூலி சனிக்கிழமை மாலைக்குள் கைக்கு வந்து, அன்று இரவுக்குள் பதினொரு வீடுகளுக்குப் பிரிந்து போக வேண்டும். யுபிஐயைப் பற்றி நான் எழுதுவதெல்லாம் இந்த ஒரு மாலையை வைத்துத்தான்.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்ட பிறகு வந்த சனிக்கிழமைகளில், வியாபாரியிடம் பணம் இருந்தும் கொடுக்க நோட்டு இல்லை. அந்த டிசம்பர் 30-இல் யுபிஐ வழியே பணம் அனுப்பும் பீம் செயலி வந்தது. சில வாரங்களில் நானும் அதற்கு மாறினேன். அதற்கு முன் வியாபாரியின் காசோலை கணக்கில் சேர இரண்டு மூன்று நாளாகும். வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் நெஃப்ட் முறை சனி மாலைக்கு மேல் ஓடாது. 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட்டும், அடுத்த ஆண்டு டிசம்பர் 14 முதல் பெரிய தொகைகளுக்கான ஆர்டிஜிஎஸ்ஸும் எல்லா நாளும் எல்லா நேரமும் இயங்கத் தொடங்கின. இன்று வியாபாரி அனுப்பிய சில நிமிடங்களில் கூலி பிரிந்து போய்விடுகிறது. எங்கள் அளவுக்கு யுபிஐயின் ஒரு லட்ச ரூபாய் நாள் வரம்பு போதும், கட்டணமும் கிடையாது. இந்த வசதியை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

குறையையும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஒரு தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, பற்றவைக்கும் அக்கா ஒருவருக்கு அனுப்பிய கூலி என் கணக்கில் கழிந்தது. அவர் கணக்கில் சேரவில்லை. அவருக்குக் கையிலிருந்து ரொக்கம் கொடுத்துவிட்டுத் திங்களன்று வங்கிக்குப் போனேன். "தானா திரும்பி வந்துருங்க" என்பதற்கு மேல் அங்கே பதில் இல்லை. பணம் வியாழக்கிழமைதான் திரும்பியது. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-இல் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, இப்படி நின்றுபோன தொகை மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். தவறினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் ஈடு தர வேண்டும். அதையும் வாடிக்கையாளர் கேட்காமலே தர வேண்டும். பரிவர்த்தனை எண்ணையும் இந்தச் சுற்றறிக்கையையும் குறிப்பிட்டு எழுத்தில் கொடுத்த பிறகே நான்கு நாளுக்கான 400 ரூபாய் வந்தது. எழுதிக் கேட்கத் தெரியாதவர்களுக்கு இந்த ஈடு போய்ச் சேருகிறதா என்ற கவலை எனக்கு இன்றும் இருக்கிறது. முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ பதிலில் நிறைவு இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்பதையும் பட்டறைக்காரர்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டிலிருந்து வளையம் கோக்கும் பெண்களில் இருவருக்கு இன்றும் ரொக்கமாகவே கொடுக்கிறேன். அவர்களுள் ஒருவரின் கணக்கு மகனுடைய கைப்பேசி எண்ணோடு இணைந்திருந்தது. "பையன் சொன்னாத்தான் தம்பி, பணம் வந்தது எனக்குத் தெரியும்" என்று அவர் சொன்ன வாரமே ரொக்கத்துக்கு மாற்றிக்கொண்டேன். சாதாரணக் கைப்பேசிக்கென 2022 மார்ச்சில் வந்த யுபிஐ 123பே முறையையும் அவருக்குக் காட்டிப் பார்த்தேன். குரல் சொல்லும் படிகளைப் பின்பற்றுவது அவருக்குக் கடினமாக இருந்தது. தன் உழைப்பின் கூலி தன் கைக்கு வந்ததை அவரே அறிவதுதான் எனக்கு முக்கியம்.

கடன் பக்கமும் இதே கணக்கில்தான் தெரிகிறது. 2021-இல் மெருகு இயந்திரத்துக்கு வாங்கிய கடன், ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதத்தோடு இணைந்தது. அப்போது 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது, தவணையும் உடன் ஏறியது. 2025-இல் அது படிப்படியாக 5.25-க்கு இறங்கி வட்டிச் சுமை குறைந்தபோது எங்களுக்கு வேலையும் குறைந்துவிட்டது. வெள்ளி அந்த ஆண்டில் கிலோ ஒரு லட்சத்தையும், ஆண்டு முடிவதற்குள் இரண்டு லட்சத்தையும் தாண்டியதால், வியாபாரிகள் ஆர்டரைப் பாதியாக்கினார்கள். மலிவான வட்டியால் நின்றுபோன ஆர்டரைக் கொண்டுவர முடியாது. விலைவாசி உயர்வை 4 சதவீதத்தில், இரண்டு புள்ளி மேலோ கீழோ வைத்திருப்பதே ரிசர்வ் வங்கிக்குச் சட்டம் தந்துள்ள இலக்கு. அமெரிக்க மத்திய வங்கிக்கு இருப்பதுபோல வேலைவாய்ப்பு தனி இலக்காக அதற்கு இல்லை.

அந்த மாதங்களில் என்னிடம் யாரும் வேலையை விட்டு நீக்கப்படவில்லை. வேலை வரவில்லை, அவ்வளவுதான். வேலையின்மையை அளக்கும் அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் வாராந்திர நிலையின்படி, ஏழு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்தவரும் வேலையில் உள்ளவரே. ஆகவே ஒரு மணி நேரமாவது வேலை கிடைத்த வாரத்தில் எங்கள் அக்காமார் யாரும் வேலையற்றோர் கணக்கில் வர மாட்டார்கள். என் வங்கிக் கணக்குப் பட்டியலைப் புரட்டினால் வேறு படம் தெரிகிறது: முன்பு வாரம் 1,800 ரூபாய் போன ஒரு பெயருக்கு எதிரே 350, அடுத்த வாரம் 200, அதற்கடுத்த வாரம் அந்தப் பெயரே இல்லை. ரொக்கமாகக் கொடுத்த காலத்தில் இப்படி ஒரு தடம் எங்களிடம் இருந்ததில்லை. கம்பி இழுக்கும் தம்பி இரண்டு ஆண்டுக் கூலி வரவைக் காட்டித்தான் 50,000 ரூபாய் முத்ரா கடன் பெற்றார். வேகத்தைவிட இந்தத் தடத்தையே ஒன்பது ஆண்டில் கிடைத்த பெரிய பயனாக நான் கருதுகிறேன். மெலிந்த வாரங்களைக் காட்டும் அதே பட்டியலை வைத்துக்கொண்டு இன்று அவர் இன்னொரு கடன் கேட்டால் கிடைக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

யுபிஐயைத் தொடர்ந்து பயன்படுத்துவேன். சனிக்கிழமை நோட்டில் எடை, கூலி, பரிவர்த்தனை எண் ஆகியவற்றுக்குப் பக்கத்தில், சென்ற ஆண்டு முதல் வேலை தர முடியாத நாட்களுக்கும் ஒரு கட்டம் போட்டு வருகிறேன்.