குமோங்காவா, கமாகிரஸா?

ஜப்பானிய ராட்சதப் படங்களில் பூச்சி இனத்துக்கு எது தலை என்று கேட்டால் பலர் ராட்சத அந்துப்பூச்சித் தெய்வமான மோத்ராவைச் சொல்வார்கள். அது தெய்வக் கணக்கு, அதை விடுங்கள். எனக்கு உண்மையான போட்டி, 1967இல் வந்த 'காட்ஜில்லாவின் மகன்' படத்தில் ஒன்றாக அறிமுகமான இரண்டுக்கும் இடையில்தான்: சிலந்தி குமோங்கா, கும்பிடுபூச்சி கமாகிரஸ். பெயரிலேயே இனம் இருக்கிறது. ஜப்பானிய மொழியில் குமோ என்றால் சிலந்தி, கமாகிரி என்றால் கும்பிடுபூச்சி.

கமாகிரஸுக்குக் கதை பலமாக இருக்கிறது. சோல்கெல் தீவில் ஆள் உயரத்துக்கு இருந்த பூச்சிகள், வானிலைச் சோதனை ஒன்று கெட்டுப்போனதால் ராட்சதங்களாகின்றன. மூன்று சேர்ந்து மண்ணைக் கிளறி முட்டையை வெளியே எடுத்து உடைக்கின்றன. உள்ளே இருந்த காட்ஜில்லாவின் குட்டி மினிலா கண்ணைத் திறப்பதற்குள் கொத்த ஆரம்பித்துவிடுகின்றன. படத்திலேயே மனதை அறுக்கும் காட்சி அதுதான்.

குமோங்காவை எந்தச் சோதனையும் பெரிதாக்கவில்லை. அது ஏற்கெனவே அங்கே, பள்ளத்தாக்கில் மண்ணுக்கடியில் தூங்கிக்கொண்டிருக்கிறது. மனிதன் செய்த தப்புக்குத் தண்டனையாக வரும் ராட்சதத்தை ஓரளவு புரிந்துகொள்ளலாம். நமக்கு முன்பே அந்த இடத்தில் இருந்ததை என்ன செய்வது? எனக்கு அந்தப் பயம்தான் பெரிது.

இரண்டுமே கம்பியில் ஆடும் பொம்மைகள்தான், உள்ளே ஆள் கிடையாது. ஆனால் எட்டுக் கால்களையும் தனித்தனியாக நகர்த்துவது வேறு வேலை. மேலே நின்று ஏகப்பட்ட ஆட்கள் இழுத்திருக்கிறார்கள். ஒரு கால் மண்ணைத் தொட்டுப் பார்த்து, தயங்கி, அப்புறம் ஊன்றுகிறது; அதற்குள் பின்னால் இன்னொன்று எழுகிறது. கழிவறைச் சுவரில் எட்டுக்கால் பூச்சியைப் பார்த்து உறைந்து நின்றவர்களுக்கு அந்த நடை தெரியும். கமாகிரஸின் அசைவில் அந்த உயிர் இல்லை, வெட்டி வெட்டித்தான் நகர்கிறது.

ஒரு குறை சொல்லலாம். குமோங்கா வாயிலிருந்து நூல் விடுகிறது. சிலந்திகள் பின்பக்கமிருந்துதான் நூற்கும். ஆனால் தலைப்பக்கமிருந்து பசையை உமிழ்ந்து இரையை ஒட்டவைக்கும் சிலந்தி இனமும் நிஜத்தில் உண்டு. அதனால் எனக்கு அது உறுத்தவில்லை.

யார் பலசாலி என்பதைப் படமே காட்டிவிடுகிறது. இரண்டு கமாகிரஸ்களைக் காட்ஜில்லா முடிக்கிறது. மூன்றாவது, குமோங்காவின் நூலில் சிக்கி, கொடுக்குப் பட்டுச் சாகிறது. குமோங்காவை வீழ்த்தவோ தகப்பனும் மகனும் சேர்ந்து நெருப்பைக் கக்க வேண்டியிருக்கிறது. 1968இல் எல்லா ராட்சதங்களும் கூடிய படத்திலும் ஃபுஜி மலையடிவாரச் சண்டைக்கு குமோங்கா வந்தது, கமாகிரஸுக்கு அழைப்பில்லை.

2004இல் வந்த 'காட்ஜில்லா: ஃபைனல் வார்ஸ்' படம் இரண்டுக்கும் அநியாயம் செய்தது. காட்ஜில்லா சிலந்தியை அதன் நூலாலேயே சுழற்றி வீசியெறிகிறது. கும்பிடுபூச்சி மின்கோபுரத்தில் குத்திச் சாகிறது. இரண்டும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகின்றன. குமோங்காவைப் பார்க்க வேண்டுமென்றால் 1967க்குத்தான் போக வேண்டும். கொட்டும் பனியில், எரிந்தும் அடங்காமல் அது கால்களை இழுத்துக்கொண்டிருக்கும் அந்தக் கடைசி நிமிடங்களுக்கு.