பெரியாஸ்பத்திரி: யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை பற்றிய ஒரு மதிப்பீடு

பெயர்ப்பலகையில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை என்று எழுதியிருந்தாலும், வடமராட்சியிலிருந்தோ தீவுப்பகுதியிலிருந்தோ வருகிறவர்களுக்கு அது பெரியாஸ்பத்திரிதான். அம்மாவின் நீரிழிவுக் கிளினிக்குக்காகச் சில ஆண்டுகளாக அங்கே போய்வருகிறவன் என்ற முறையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். வாசலில் எவரும் காசு கேட்பதில்லை என்பதால் அந்தச் சேவையை எடைபோடக் கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள். அதற்கான காசை நாம் வரியாக ஏற்கெனவே கட்டிவிட்டோம் என்பது என் எண்ணம்.

வட மாகாணத்தின் 5 மாவட்டங்களுக்கும் இருக்கிற ஒரேயொரு போதனா வைத்தியசாலை இது. 2012ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பின்படி மாகாணத்தில் வாழ்ந்தவர்கள் 10 இலட்சத்துக்குச் சற்று மேல். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகிய இடங்களில் மாவட்டப் பொது வைத்தியசாலைகளும், பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகளும் உண்டு. ஆனால் தலையில் பலத்த அடிபட்டவரையோ, பிறந்தவுடன் மூச்சுத் திணறும் குழந்தையையோ அங்கே வைத்துப் பார்க்க முடியாத நிலை வரும்போது, நோயாளர் காவு வண்டி, குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதியில் யாழ்ப்பாணத்தை நோக்கித்தான் திரும்புகிறது. நெடுந்தீவில் ஒருவருக்கு நெஞ்சுநோ வந்தால் முதலில் படகு, குறிகட்டுவானில் இறங்கிய பின்னர்தான் வண்டி. அந்தப் பயணத்தின் முடிவில் ஒரு விசேட வைத்திய நிபுணர் இருப்பார் என்ற நம்பிக்கைதான் இந்த நிறுவனத்தின் முதற்சேவை என்பேன்.

1850இல் அரசாங்க அதிபராக இருந்த டைக்கின் முயற்சியால் நட்புதவிச் சங்கம் என்ற தொண்டு அமைப்பின் சிறிய மருத்துவமனையாக இது தொடங்கியது. அதே காலத்தில் சில மைல் தொலைவிலுள்ள மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் உள்ளூர் இளைஞர்களுக்கு மேலைத்தேய வைத்தியம் கற்பித்துக்கொண்டிருந்தார். கொழும்பு வைத்தியக் கல்லூரி 1870இல்தான் திறக்கப்பட்டது என்பதை நினைத்தால், வைத்தியக் கல்வியில் யாழ்ப்பாணம் எவ்வளவு முந்திக்கொண்டது என்பது விளங்கும். கிறீன் பின்னாளில் தமிழிலேயே பாடம் நடத்தியதோடு உடற்கூற்றியல், சத்திரவைத்தியம் போன்ற நூல்களையும் தமிழாக்கினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1978இல் தொடங்கியபோது பெரியாஸ்பத்திரி போதனா வைத்தியசாலையாயிற்று, பாடமொழி ஆங்கிலம். அதைக் குறையாகச் சொல்லவில்லை, ஆனால் அந்த இடைவெளி நோயாளர் விடுதியில் கண்ணுக்குத் தெரிகிறது.

கட்டிலைச் சுற்றி ஏழெட்டு மாணவர்கள் நிற்பார்கள். பேராசிரியரின் கேள்வி ஆங்கிலத்தில் வரும், மாணவர் அதைத் தமிழாக்கி, “நோ எப்ப தொடங்கினது, ஐயா? சாப்பிட்ட பிறகு கூடுதோ?” என்று கேட்பார், கிழவர் தன் தோட்டத்துக் கதையையும் சேர்த்துச் சொல்லும் பதில் மறுபடி ஆங்கிலமாகிப் பேராசிரியரிடம் போகும். அந்த மாணவர்களிற் சிலர் தெற்கிலிருந்து வந்த சிங்களப் பிள்ளைகள். நோயாளியின் வாயிலிருந்தே தமிழைப் படிக்கிறவர்கள். அவர்கள் திக்கித் திக்கிக் கேட்கும் கேள்விக்கு எங்கள் ஊர்க் கிழவிகள் காட்டும் பொறுமை வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூடக் கிடைப்பதில்லை. ஒரே வருத்தத்தின் கதையை மாணவர், உள்ளகப் பயிற்சி வைத்தியர், நிபுணர் என மூவரிடம் சொல்லவேண்டியிருக்கிறதே என்று சலித்துக்கொள்வோர் உண்டு. எனக்கோ அது பாதுகாப்பாகவே படுகிறது: முதலாமவர் கேட்க மறந்ததை மூன்றாமவர் கேட்டுவிடுகிறார். அம்மாவின் பாதத்தில், அவருக்கே தெரியாமல் இருந்த சிறிய புண்ணை முதலில் கண்டது ஒரு மாணவிதான்.

கட்டடங்களை வைத்து மட்டும் இந்த இடத்தை மதிப்பிட முடியாது. 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாளில், வளாகத்துக்குள் நுழைந்த இந்திய அமைதிப் படையினர் சுட்டதில் வைத்தியர்களும் தாதியரும் நோயாளரும் உட்பட 60க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் பணியாளர்கள் அவர்களை நினைவுகூருகிறார்கள். 2006இல் போரினால் ஏ9 மூடப்பட்டுக் குடாநாடு தனித்துக் கிடந்தபோதும் விடுதிகள் இயங்கின. போருக்குப் பின் ஜப்பானிய உதவியில் சத்திரசிகிச்சைக் கூடங்களும் தீவிர சிகிச்சைப் பிரிவும் ஆய்வுகூடமும் கொண்ட புதிய தொகுதி எழுந்தது.

குறை என்று நான் சொல்வது தனியொரு வைத்தியசாலையைப் பற்றியதன்று, நாட்டின் ஏற்பாட்டைப் பற்றியது. இலங்கையில் எந்த நோயாளியும் எவருடைய கடிதமும் இல்லாமல் எந்த அரச வைத்தியசாலைக்கும் நேரே போகலாம். கேட்க நல்ல உரிமைதான். ஆனால் தடிமனும் காய்ச்சலும் பெரியாஸ்பத்திரிக்கே வந்துவிட, வெளிநோயாளர் பிரிவில் நிபுணரின் பார்வை உண்மையிலேயே தேவைப்படுகிறவரும் அதே வரிசையில் நிற்கிறார். மாலையில் தனியார் இடத்தில் நிபுணரைச் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி நேரம் பதிந்து, பார்த்துவிட்டு, மறுநாள் அரச விடுதிக்கு வரும் வழக்கமும் இருக்கிறது. அதற்கு வசதியில்லாதவருக்கு அந்தக் குறுக்குவழி இல்லை. 2022 பொருளாதார நெருக்கடியின்போது நாடு முழுவதும் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்ததும், வைத்தியர்கள் வெளிநாடுகளுக்குப் போனதும் இந்தச் சுமையைக் கூட்டின. வசதிகளை இன்னும் இங்கேயே குவிப்பதைவிட ஆதார வைத்தியசாலைகளுக்கு நிபுணர்களையும் கருவிகளையும் கொடுப்பதே பெரியாஸ்பத்திரிக்குச் செய்யும் பெரிய உதவி என்று நினைக்கிறேன்.

புதிதாகப் போகிறவர்களுக்குச் சில சொற்கள். பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், சொந்த வாகனம் தேவையில்லை. கிளினிக் கொப்பியையும் பழைய பரிசோதனை முடிவுகளையும் ஒரே பையில் வைத்திருங்கள்; வெளியில் வாங்கச் சொல்லி ஏதாவது மருந்து எழுதப்பட்டால், அதன் பெயரை அந்தக் கொப்பியிலேயே குறித்துவையுங்கள். பார்வையாளர் நேரத்தில் ஒரு நோயாளியைச் சுற்றிப் பத்துப்பேர் கூடாதீர்கள். சிக்கலான பிரசவம், பாரிய விபத்து, பல நிபுணர்கள் சேர்ந்து பார்க்கவேண்டிய நோய் என்றால் மாகாணத்தில் இதைவிட வேறிடத்தை நான் சொல்லமாட்டேன். புற்றுநோய்ச் சிகிச்சை என்றால் தெல்லிப்பழையில் விசாரியுங்கள். காய்ச்சலுக்கும் காயத்துக்குக் கட்டுப்போடுவதற்கும் உங்கள் ஊர் வைத்தியசாலை போதும். அம்மாவின் கால்புண்ணுக்குக்கூட இப்போது பருத்தித்துறையில்தான் கட்டுகிறோம்.