கார்னீலியன் செர்ரியா, புளிப்புச் செர்ரியா?

பெயரில் செர்ரி இருந்தாலும் கார்னீலியன் செர்ரி வேறு குடும்பத்துப் பழம். துருக்கியில் இதற்குப் பெயர் கிசில்ஜிக், புளிப்புச் செர்ரிக்கு விஷ்னே, இரண்டிலும் சர்பத் போடுவார்கள்.

சிவப்பு நிறத்தைத் தரும் ஆந்தோசயனின் இரண்டிலும் தாராளமாக உண்டு. அப்புறம்தான் வழி பிரிகிறது. கிசில்ஜிக்கில் லோகானிக் அமிலம், கார்னுசைடு என்ற இரிடாய்டு வகைத் தாவரச் சேர்மங்கள் இருக்கின்றன, போலந்தில் கொழுப்பு கூடிய தீனி தின்ற முயல்களுக்கு இதன் உலர்பழத் தூளையும் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு குறைந்தது. ஆனால் முயல் வேறு, நாம் வேறு. விஷ்னேயில் தூக்கத்துக்கு உதவும் ஹார்மோனான மெலடோனின் கொஞ்சம் உண்டு, அதன் சாற்றைத் தூக்கத்துக்கும் ஓட்டக்காரர்களின் தசைவலிக்கும் மனிதர்களிடமே சோதித்திருக்கிறார்கள், சிறிய ஆய்வுகள்தான் என்றாலும் பலன் தெரிந்திருக்கிறது. அதனால் உடம்புக்கு என்று கேட்டால் இப்போதைக்கு என் கை விஷ்னே பக்கம்தான்.

ருசிக்கு என்றால் கிசில்ஜிக், சந்தேகமே இல்லை! காயாக வாயில் போட்டால் துவர்ப்பில் நாக்கு ஒட்டிக்கொள்ளும், கருஞ்சிவப்பாகக் கனிந்து கிளையை உலுக்கினாலே உதிரும் பழத்தைத்தான் தின்ன வேண்டும், நடுவில் ஆலிவ் கொட்டை மாதிரி நீளமான கொட்டை, சதை அதை லேசில் விடாது.

எதுவானாலும் சர்பத்தாகக் குடித்தால் சர்க்கரையும் கூடவே உள்ளே போகும், நீரிழிவு உள்ளவர்கள் பழமாகவே சாப்பிடுங்கள்.