புது மொடல் வரும்வரை லேப்டொப்புக்குப் பொறுப்பதா?

வந்தாறுமூலைக்கோ ஒலுவிலுக்கோ பல்கலைக்கழக வளாகம் கிடைத்த பிள்ளை உள்ள வீட்டில் இந்தக் கேள்வி வராமல் போகாது. இப்பவே வாங்குவதா, புது மொடலுக்குப் பொறுப்பதா, அது வந்த கையோடு பழையதை மலிவாக எடுப்பதா?

பொறுத்தால் லாபம் உண்டு என்பவர்கள் அப்பிளின் மெக்புக் எயர் லேப்டொப்பைக் காட்டலாம். 2024 மார்ச்சில் எம்3 சிப் போட்ட எயர் அமெரிக்காவில் 1,099 டொலர், ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்) 8 ஜிபி. ஒக்டோபர் கடைசியில் அதே விலைக்கு 16 ஜிபி ஆக்கினார்கள். அடுத்த மார்ச்சில் எம்4 வந்தது, 999 டொலருக்கு. ஒரு வருடம் பொறுத்தவருக்கு ரேம் இரட்டிப்பு, காசும் மிச்சம்.

விண்டோஸ் பக்கம் கதை வேறு. 2024 ஜனவரியில் இன்டெல் 'கோர் 7 150யு' என்று புதுப் பெயரில் ஒரு சில்லை, அதாவது லேப்டொப்பின் மூளையான சிப்பை, இறக்கியது. உள்ளே இருப்பது 13ஆம் தலைமுறையில் வந்த அதே ராப்டர் லேக் வடிவமைப்புத்தான். அதற்காகப் பொறுத்தவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் புது ஸ்டிக்கர். ஆகவே 'கோர் 7, புதுசு' என்று கடையில் சொன்னால் விடாதீர்கள், சில்லின் முழு எண்ணையும் கேட்டு அங்கேயே போனில் தேடிப் பாருங்கள்.

புதுசு வந்த கையோடு பழையதை மலிவாக எடுக்கிற மூன்றாவது வழி கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் கடைக்காரர் அந்தச் சரக்கை எடுத்த நாளின் டொலர் விலைதான் அவர் மனதில் நிற்கும். அமெரிக்காவில் புதுசு வந்ததற்காக இங்கே தானாக விலை இறங்காது. டொலர் ஏறினால் பழையதும் சேர்ந்து ஏறும்: 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்றது, மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. அந்த நேரம் பொறுத்திருந்தவரின் பாட்டை யோசித்துப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், படிப்பு தொடங்கப் போகிறதென்றால் இப்பவே எடுங்கள். வீட்டில் ஓடுகிற லேப்டொப் இருந்தால் பொறுக்கலாம், அது விண்டோஸ் 11 ஏற்கிற மெஷினாக இருந்தால். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது.

கொழும்புக்குப் போய் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் விலை பேசி வாங்கலாம், சரி. ஆனால் பழுதானால் யார் கொண்டுபோவது? வொரண்டி வேலையை ஊர்க்கடையே பொறுப்பெடுத்துச் செய்தால், கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை. ரேம் மட்டும் 16 ஜிபிக்குக் குறையாமல் பாருங்கள். மெல்லிய மொடல்கள் பலவற்றில் அது போர்டோடு ஒட்டியே வரும், பிறகு கூட்ட முடியாது.