பகாவ் டவுன் மாடியில் சனிக்கிழமை சட்ட வகுப்பு: நாற்காலி மோசம், சார் பிரமாதம்

பகலில் தோட்டத்து ஆபீசில் கிராணி வேலை பார்த்துக்கொண்டு பகுதி நேரமாகச் சட்டம் படிக்கிறவன் நான். மலேசியாவில் நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பகாவில் ஒரு கடைவீட்டு மாடியில் நடக்கும் இந்த டியூஷனில் சேரலாமா என்று இரண்டு பேர் கேட்டதால் எழுதுகிறேன். மாதம் 120 வெள்ளி. ஏர்கோன் சத்தம் மட்டும் போடும், நாற்காலி ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்தது, தருவதாகச் சொன்ன நோட்ஸ் ஆறு வாரமாகியும் வரவில்லை. அதற்கு ஒரு நட்சத்திரம் கழித்துவிட்டேன், மீதி நான்கும் சாருக்கு.

இந்த மாதம் ஆப்பிரிக்க வழக்காற்றுச் சட்டம், அதாவது மக்கள் பரம்பரையாகப் பின்பற்றும் வழக்கமே சட்டமாவது. நமக்கு எதற்கு இது என்று பாதிப் பேர் போனை நோண்டிக்கொண்டிருந்தோம். கானாவில் அகான் மக்களுக்குத் தாய்வழிதான் குடும்பம், பழைய வழக்கப்படி ஓர் ஆண் இறந்தால் சொத்து மனைவி மக்களுக்கு இல்லை, சகோதரி மகனுக்குப் போகலாம் என்று சார் சொன்னதும் பின் வரிசையில் மருமகன் ஒருவர் கைதட்டினார். "என்ன ஆச்சரியம்? கோலப்பிலா பக்கம் அடாட் பெர்பாத்தே என்கிற மலாய்த் தாய்வழி வழக்கப்படி பரம்பரை நிலம் அம்மாவிடமிருந்து மகளுக்குத்தானே போகிறது" என்றார் சார். இத்தனை வருஷம் நெகிரி செம்பிலானில் இருந்தும் எனக்கு அது உறைத்ததில்லை.

1985இல் கானாவில் வந்த சட்டம், உயில் எழுதாமல் போனவர் தானே சம்பாதித்ததில் மனைவி பிள்ளைகளுக்குப் பங்கு கொடுத்தது. குடும்பச் சொத்தை மட்டும் தொடவில்லை. அது என்ன குடும்பச் சொத்து என்பதற்கே ஒரு முழு வகுப்பு போனது. அது குடும்பம் முழுவதற்கும் பொதுவானது. நைஜீரியாவில் குடும்பத் தலைவர் அதற்குச் சொந்தக்காரர் கிடையாது, பார்த்துக்கொள்கிறவர். குடும்பத்தில் முக்கியமானவர்களைக் கேட்காமல் அவர் விற்றால் மற்றவர்கள் கோர்ட்டுக்குப் போய் அதை ரத்து செய்யலாம். தலைவரை விட்டுவிட்டு வேறொருவர் விற்றாலோ அது முதலிலிருந்தே செல்லாது.

அப்புறம் தென்னாப்பிரிக்க வழக்கு. கேப்டவுன் பக்கம் கயலிட்ஷாவில் தகப்பன் இறந்து இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள் நிற்கிறார்கள். ஆண் வாரிசு நான்தான் என்று தாத்தா வந்து, சாவுச் செலவுக்காக அவர்கள் இருந்த இடத்தையே விற்கப் பார்த்தார். மூத்த ஆணுக்கே எல்லாம் என்ற விதியை 2004இல் அரசியல் சாசன நீதிமன்றம் தூக்கிப் போட்டது. அந்தக் காலத்தில் வாரிசு சொத்தோடு சேர்த்து விதவையையும் பிள்ளைகளையும் காப்பாற்றும் கடமையையும் எடுத்துக்கொண்டான், ஆட்கள் டவுனுக்குப் போய்ச் சிதறிய பிறகு சொத்தை மட்டும் எடுத்துக்கொண்டான் என்று சார் விளக்கியபோது ஒருவரும் போனைப் பார்க்கவில்லை.

எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே சுட்டது. தோட்டம் மூடியபோது கிடைத்த பணத்தில் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து வாங்கிய வீடு, கிராண்டில், அதாவது வீட்டுப் பட்டாவில், சித்தப்பா பெயர் மட்டும். அப்பா போய் மூன்று வருஷம், இப்போது விற்கப் போகிறாராம். வகுப்பு முடிந்து, இது குடும்பச் சொத்து இல்லையா சார் என்று கேட்டேன். "நைஜீரியாவில் லாகோசில் இருந்தால் அப்படி வாதாடிப் பார்க்கலாம் தம்பி. இங்கே முதலில் கிராண்டில் யார் பெயர் என்றுதான் பார்ப்பார்கள். அப்பா பணம் கட்டிய ரசீது ஏதாவது இருக்கிறதா, போய்த் தேடு" என்றார்.

அம்மாவின் பிஸ்கட் டின்னில் இரண்டு கிடைத்தன. வரும் சனிக்கிழமை எடுத்துக்கொண்டு போகிறேன், உட்கார ஒரு குஷனும்.