இளையவர் சொல்லும் கதையா, தாய் சொல்லும் கதையா?

மனநோயுடன் வாழும் இளையவரைப் பற்றி இறைநம்பிக்கை சார்ந்த கதை எழுத முனையும் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கப் பங்கு இளைஞர்கள் பெரும்பாலும் தடுமாறுவது, அதை யார் வாயால் சொல்வது என்பதில்தான்.

நோயின் உண்மை
இளையவர்: இல்லாத குரல்களைக் கேட்கச் செய்யக்கூடிய மனச்சிதைவு நோய் பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ தொடங்குவதால், காதில் ஒலிக்கும் குரலைக் கடவுளின் குரலென்றே அவர் நம்புவதையும், அந்த நம்பிக்கை பின்னர் குலைவதையும் உள்ளிருந்து காட்டலாம்.
தாய்: அக்குரல் வாசகருக்குக் கேட்காது, உறக்கமின்மையும் உண்ண மறுப்பதுமே தெரியும்.

மன்றாட்டு
தாய்: மடு மாதாவுக்கு வைக்கும் நேர்த்தி, மந்திரித்துக் கட்டும் நூல், அயலவரின் பேச்சுக்கு அஞ்சித் தள்ளிப்போடும் சிகிச்சை, இறுதியில் தெல்லிப்பழை மருத்துவமனையின் மனநலப் பிரிவு என அனைத்தும் இயல்பாக இடம்பெறும்.
இளையவர்: விவிலியத்தின் திருப்பாடல் 88 ஆறுதல் வரி எதுவுமின்றி இருளிலேயே முடிகிறது. மருந்தின் மந்தத்தில் கிடந்தபடி அதைச் சொல்லும் ஒருவரின் விசுவாசத்தை அவரே சொல்வதுதான் பொருத்தம். என் மனம் சாய்வதும் இங்கேதான்.

எழுதும் எளிமை
தாயின் கதை எளிது.

ஆகவே, குடும்பங்களின் அச்சத்தைக் களைய விரும்புவோர் தாயின் கதையையும், தனித்துத் தவிக்கும் இளையவருக்குத் துணையாக எழுதுவோர் இளையவரின் கதையையும் தேர்ந்தெடுக்கலாம். எதை எழுதினாலும், அற்புத சுகம் கிடைத்ததென்று மாத்திரைகளை வீசியெறியும் முடிவு வேண்டாம். மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தினால் நோய் மீளக்கூடும்.