பழைய விளம்பரமா, வரலாற்றுப் புத்தகமா: வீடியோ கேம் வரலாற்றுக்கு எதை நம்பலாம்?

1990களின் முற்பாதியில் வீடியோ கேம் நிறுவனமான சேகா அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘பிளாஸ்ட் ப்ராசஸிங்’ என்ற ஒன்றைக் கூவிக் கூவி விற்றது. அதன் ஜெனிசிஸ் கன்சோலில், அதாவது தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் விளையாட்டுப் பெட்டியில், அது உண்டாம், போட்டி நிறுவனமான நிண்டெண்டோவிடம் இல்லையாம். அது என்னவென்று மட்டும் விளம்பரம் விளக்கவே இல்லை. ஜெனிசிஸின் சிப் சுமார் 7.6 மெகாஹெர்ட்ஸில் ஓடியது, நிண்டெண்டோவின் சூப்பர் நிண்டெண்டோ கன்சோலின் சிப் அதிகபட்சம் 3.58. ஆனால் இரண்டும் வெவ்வேறு வகைச் சிப்கள். எண்ணை மட்டும் பார்த்து எது வேகம் என்று சொல்லிவிட முடியாது. திரையில் ஒரே நேரத்தில் தெரியும் நிறங்களைக் கணக்கிட்டால் ஜெனிசிஸுக்கு வழக்கமாக 64, எதிராளிக்கு 256. இதைச் சேகா வாய் திறந்து சொல்லுமா என்ன!

விளம்பரம் பொய் சொல்லும், அதனால் புத்தகம்தான் கதி என்று இங்கேயே முடித்துவிடலாம்தான். ஆனால் புத்தகங்களும் ஆளுக்கொரு பக்கம் சாய்கின்றன. பிளேக் ஹாரிஸின் ‘கன்சோல் வார்ஸ்’ (2014) இதே சேகா–நிண்டெண்டோ சண்டையை நாவல்போலச் சொல்கிறது. கதாநாயகன் சேகாவின் அமெரிக்கக் கிளைத் தலைவர் டாம் கலின்ஸ்கி. பக்கம் பக்கமாக வரும் உரையாடல்கள் பேட்டிகளை வைத்துப் பின்னால் புனைந்து எழுதப்பட்டவை. படிக்கச் சுவையானது, மேற்கோள் காட்டத்தான் தயக்கமாக இருக்கிறது. டேவிட் ஷெஃப்பின் ‘கேம் ஓவர்’ (1993) நிண்டெண்டோ உச்சத்தில் இருந்தபோது வந்தது. சோனியின் பிளேஸ்டேஷன் கன்சோல் அப்போது சந்தையிலேயே இல்லை. ஸ்டீவன் கென்ட் 2001இல் வெளியிட்ட பெரிய வரலாறு, களத்தில் இருந்தவர்களின் பேட்டிகளால் நிறைந்தது. அதன் பலம் அதுதான், பலவீனமும் அதுதான். இருபது ஆண்டு கழித்து ஒருவர் நினைவுகூரும்போது அவர் எடுத்த முடிவுகளெல்லாம் புத்திசாலித்தனமாகத்தான் தெரியும்.

விளம்பரத்துக்கு அந்த வசதி கிடையாது. அச்சான நாளிலேயே அது உறைந்துவிடுகிறது. யாரை வாடிக்கையாளராக நினைத்தார்கள் என்பதை அது மறைக்க முயல்வதுகூட இல்லை. 1980ஐ ஒட்டி வந்த, அட்டாரி என்ற கன்சோல் நிறுவனத்தின் விளம்பரங்களில் அம்மா, அப்பா, தாத்தா, மகள் என்று குடும்பமே தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் தள்ளிப் பார்த்தால் பதின்பருவப் பையன்கள் மட்டும், அதுவும் பெரும்பாலும் கத்திக்கொண்டு. பெண்களும் பெரியவர்களும் படத்திலிருந்து எப்போது நழுவினார்கள் என்பதை நிறுவனத் தலைவர்களின் கதை சொல்லும் புத்தகங்களில் தேடினால் ஓரிரு வரி கிடைத்தாலே அதிர்ஷ்டம். விளம்பரங்களை ஆண்டு வரிசையில் அடுக்கினாலே போதும், தெரிந்துவிடும்.

இரண்டும் சேர்ந்தால்தான் புரியும் இடங்களும் உண்டு. 1985இல் நிண்டெண்டோ நியூயார்க்கில் தன் கன்சோலைச் சோதனையாக இறக்கியபோது, ஒரு குட்டி ரோபோவை முன்னிறுத்தி விளம்பரம் செய்தது. விளம்பரத்தை மட்டும் பார்ப்பவர் ரோபோதான் சரக்கு என்று நினைப்பார். அதற்கென்று வந்தவை இரண்டே விளையாட்டுகள்! 1983இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்தபோது கையைச் சுட்டுக்கொண்ட கடைக்காரர்கள் வீடியோ கேம் என்றாலே ஒதுங்கினார்கள், அவர்களிடம் பொம்மை என்று சொல்லி உள்ளே நுழையத்தான் அந்த ரோபோ என்பதைப் புத்தகம்தான் சொல்லும்.

அதே 1983ஐப் பற்றி அமெரிக்கப் புத்தகங்கள் உலகமே இருண்டதுபோல எழுதுகின்றன. ஜப்பானில் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கன்சோல் விற்பனைக்கு வந்ததே அந்த ஆண்டு ஜூலையில்தான். பிரிட்டிஷ் கணினி இதழ்களைப் புரட்டினால் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினிக்கான கேசட் விளையாட்டு விளம்பரங்கள் குவிந்து கிடக்கின்றன. இந்த விஷயத்தில் என் ஓட்டு விளம்பரத்துக்கே.

விளம்பரம் அடியோடு கைவிடும் இடமும் ஒன்று உண்டு. 1995 மே மாதம் இ3 என்ற வீடியோ கேம் கண்காட்சியில் சேகா தன் புதிய கன்சோலான சாட்டர்னை 399 டாலருக்கு அறிவித்தது. பிறகு மேடையேறிய சோனியின் ஸ்டீவ் ரேஸ், பிளேஸ்டேஷனின் விலையாக ‘299’ என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். அந்தப் பத்தாண்டின் ஆகச்சிறந்த விளம்பரம் எந்த இதழிலும் அச்சாகவில்லை.

ஆகவே விலை, வெளியான காலம், யாருக்கு விற்றார்கள் என்பதற்கெல்லாம் நான் விளம்பரத்தை எடுப்பேன். ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதற்குப் புத்தகத்தை. இயந்திரத்தால் உண்மையில் என்ன முடிந்தது என்ற கேள்விக்கு விளம்பரமும் உதவாது, பேட்டி வரலாறும் உதவாது. அதற்கு நிக் மான்ட்ஃபோர்ட்டும் இயன் போகோஸ்ட்டும் எழுதிய ‘ரேசிங் த பீம்’ (2009) மாதிரி ஒன்று வேண்டும். வெறும் 128 பைட் நினைவகம் கொண்ட அட்டாரி விசிஎஸ் கன்சோலை ஆறு விளையாட்டுகள் வழியாக அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துக் காட்டும் புத்தகம் அது.

விளம்பரங்களைச் சேகரிப்பவர்களுக்கு ஒன்று: தனியாக வெட்டியெடுத்த படத்தைவிட இதழின் முழு ஸ்கேனைத் தேடுங்கள். வெட்டிய படத்தில் தேதியும் இருக்காது, எதிர்ப்பக்கத்தில் போட்டிக்காரன் என்ன விற்றுக்கொண்டிருந்தான் என்பதும் தெரியாது.